விருது டில்லியில், வேர் நம்ம ஊரில்

(நமது முன்னாள் மாணவர் சங்கத்தின் ஆண்டுக் கூடல் விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இன்று மாலை நிகழ்ச்சி நிரலில் 'மாணவ மாணவியர் வள்ளி கும்மி' என்று ஒரு வரி அச்சாகியிருக்கிறது. நாங்கள் படித்த காலத்தில் கல்லூரி விழா என்றால் மெல்லிசைக் குழு, மாறுவேடப் போட்டி, ஒரு சிரிப்பு நாடகம், அவ்வளவுதான். கும்மி என்றால் அது ஊர்ல, கோயில் வாசல்ல ஆடறது. காலேஜுக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம் என்று இருந்தோம். இன்றைக்கு அது கல்லூரி மேடை வரைக்கும் வந்திருக்கிறது. எப்படி வந்தது, இன்னும் எங்கே போகவேண்டும், அதில் படித்தவர்களாகிய நமக்கு என்ன வேலை என்பதைக் கொஞ்சம் பேசலாம் என்று நினைக்கிறேன்.

முதலில் உங்களை டில்லிக்கு அழைத்துப் போகிறேன்.

2024ஆம் ஆண்டு மார்ச் 6ஆம் தேதி. புதுடில்லி விஞ்ஞான் பவன். குடியரசுத் தலைவர் திரௌபதி முர்மு அவர்கள் மேடையில். 2022, 2023 ஆகிய ஈராண்டுகளுக்கான சங்கீத நாடக அகாதமி விருதுகளை 94 கலைஞர்களுக்கு வழங்குகிறார். ஒவ்வொருவருக்கும் ஒரு தாமிரப் பட்டயம், ஓர் அங்கவஸ்திரம், ஒரு லட்சம் ரூபாய். அந்த வரிசையில் சாஸ்திரிய சங்கீத வித்துவான் வருவார். அடுத்து நாடக இயக்குநர் வருவார். கிராமத்துப் பாடகரும் பொம்மலாட்டக்காரரும் வருவார்கள். சினிமா விருது விழா மாதிரி வாசலில் கூட்டம் நெரியாது. மறுநாள் பேப்பரில் நாலு வரி வந்தால் அதிகம். ஆனால் மேடையில் நேருக்கு நேர் நின்று ஆடியும் பாடியும் நடித்தும் காட்டுகிற கலைகளுக்கு இந்த நாடு தருகிற பெரிய மரியாதை அதுதான்.

இந்த அகாதமி 1952இல் மத்திய அரசின் தீர்மானத்தால் உருவாகி, 1953 ஜனவரி 28 அன்று குடியரசுத் தலைவர் இராஜேந்திர பிரசாத் அவர்களால் தொடங்கி வைக்கப்பட்டது. அதன் முதல் தலைவர் யார் தெரியுமா? நம்ம சென்னை உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதியாக இருந்த பி.வி. இராஜமன்னார். மத்திய - மாநில உறவு பற்றி 'இராஜமன்னார் குழு' என்று பரீட்சைக்குப் படித்திருப்பீர்களே, அவரேதான். சட்டம் படித்தவர், தெலுங்கில் நாடகமும் எழுதியவர். ஒரு கையில் தீர்ப்பு, மறு கையில் நாடகம்! அரியக்குடி ராமானுஜ அய்யங்கார், பாலசரஸ்வதி அம்மையார் போன்றவர்கள் ஆரம்ப ஆண்டுகளிலேயே இந்த விருதைப் பெற்றார்கள்.

1959இல் பம்மல் சம்பந்த முதலியாருக்கு இந்த விருது கிடைத்தது. அப்போது அவருக்கு வயது 86. அவர் எழுதிய 'மனோகரா' நாடகத்தை இன்றைக்கும் நூலகத்தில் எடுத்துப் படிக்கலாம். ஆனால் அவரே மனோகரனாக வேஷம் கட்டி மேடையில் நின்றாரே, அந்த நடிப்பை எந்த நூலகத்தில் தேடுவது? பார்த்தவர்கள் போனார்கள், அவர்களோடு அதுவும் போயிற்று.

இந்த வித்தியாசத்தைத்தான் நான் முக்கியமாகச் சொல்ல வந்தேன். எழுத்தாளர் மறைந்தாலும் புத்தகம் இருக்கும். ஓவியர் மறைந்தாலும் சுவரில் படம் இருக்கும். ஆட்டக்காரர் மறைந்தால் ஆட்டமும் கூடவே போய்விடும், அவர் வேறொருவர் காலுக்கு அதை மாற்றிக் கொடுத்துவிட்டுப் போனாலொழிய. ஆகவே மேடைக் கலைஞரைப் பொறுத்தவரை காலதாமதம் என்பது பெரிய விஷயமுங்க. நம்ம ஊரில் சொல்வோமே, 'காய்ச்சல்காரனுக்கு மருந்து கருமாதிக்கு வந்து என்ன பண்ண?' என்று, அந்தக் கதைதான்.

2019, 2020, 2021 ஆகிய மூன்று ஆண்டு விருதுகளும் ஒரே மேடையில் 2023 பிப்ரவரியில்தான் வழங்கப்பட்டன. நடுவில் கொரோனா வந்தது, உண்மைதான். ஆனாலும் எழுபது, எண்பது வயதுக்காரருக்கு இரண்டு, மூன்று வருடம் என்பது சாதாரணமா? அதே ஆண்டு செப்டம்பர் 16ஆம் தேதி இன்னொரு விழா நடந்தது. அதற்கு 'அமிர்த விருது' என்று பெயர். 75 வயதைத் தாண்டியும் அதுவரை தேசிய அளவில் எந்த விருதும் பெறாத 84 கலைஞர்களைத் தேடிப் பிடித்து, குடியரசுத் துணைத் தலைவராக இருந்த ஜகதீப் தன்கர் அவர்கள் கையால் கொடுத்தார்கள். நல்ல காரியம். கை தட்டுவோம். ஆனால் கை தட்டிவிட்டு ஒரு நிமிஷம் யோசித்துப் பாருங்கள். ஆயுசு பூராவும் ஆடிப் பாடிய 84 பேர், 75 வயது வரைக்கும் எவர் கண்ணிலும் படாமல் இருந்திருக்கிறார்கள். தேடிப் பிடித்தது 84 என்றால் தேடாமல் விட்டது எத்தனை?

இப்போது நம்ம சீமைக்கு வருவோம்.

2024ஆம் ஆண்டு குடியரசு தினத்துக்கு முந்திய நாள் பத்ம விருதுப் பட்டியல் வெளிவந்தது. அதில் மேட்டுப்பாளையம் பக்கத்துப் பத்ரப்பன் அவர்கள் பெயர் இருந்தது. வயது 87. கலை: வள்ளி ஒயில் கும்மி. அதே பட்டியலில் தருமபுரிப் பக்கத்துச் சேசம்பட்டி சிவலிங்கம் அவர்கள் நாதசுர இசைக்காகப் பத்மஸ்ரீ பெற்றார். முன்னொரு காலத்தில் பல்லடம் சஞ்சீவ ராவ் புல்லாங்குழலோடு போகிற இடமெல்லாம் பல்லடத்தின் பெயரும் கூடவே போனது. அதுபோலத்தான் சேசம்பட்டியும். கலைஞனுக்கு ஊர்தான் முதல் எழுத்து. அவன் பெயர் வாங்கினால் ஊரும் பெயர் வாங்குகிறது.

வள்ளி ஒயில் கும்மி நம் பெரியவர்களுக்குத் தெரியும், இளையவர்களுக்காகச் சொல்கிறேன். தினைப்புனம் காக்கிற வள்ளியைத் தேடி முருகன் வருகிறான். வேடனாக வருகிறான், வேங்கை மரமாக நிற்கிறான், கிழவனாக வந்து தேனும் தினைமாவும் கேட்கிறான், கடைசியில் அண்ணன் பிள்ளையாரை யானையாக வரவழைத்து வள்ளியைப் பயமுறுத்திக் காரியம் சாதிக்கிறான். இந்தக் கதை முழுவதையும் ஆசிரியர் பாடப்பாட, ஆடுகிறவர்கள் வாங்கிப் பாடிக்கொண்டே வட்டமாகச் சுற்றி ஆடுவார்கள். மெட்டு மாறினால் அடி மாறும். கை தட்டு மாறும். பாட்டு வாயிலும் தாளம் கையிலும் ஆட்டம் காலிலும் ஒரே நேரத்தில் ஓடவேண்டும். எஞ்சினியரிங் படிக்கிற தம்பிகளே, உங்கள் கம்ப்யூட்டர் ஒரே சமயத்தில் மூன்று வேலை செய்கிறது என்று பெருமைப்படுகிறீர்களே, எங்க ஊர் ஆத்தாமார்கள் அதைக் கரண்டு இல்லாமலே செய்வார்கள்.

பத்ரப்பன் அவர்களுக்கு விருது அறிவித்தபோது அரசாங்கம் தந்த குறிப்பு ஒரு விஷயத்தை அழுத்திச் சொன்னது. பெரும்பாலும் ஆண்களே ஆடிவந்த ஆட்டத்தை, மரபை மீறிப் பெண்களுக்கும் கற்றுக்கொடுத்தவர் என்று. இன்றைக்குக் கொங்கு நாடெங்கும் வள்ளி கும்மி அரங்கேற்றம் என்றால் ஆயிரக்கணக்கில் பெண்கள் திரண்டு ஆடுகிறார்கள். பள்ளிக்கூடத்துப் பிள்ளையும் பாட்டியும் ஒரே வரிசையில் நிற்கிறார்கள். மாலையில் இந்த மேடை ஏறப்போகிற நம் மாணவிகளுக்கும் இப்படிப்பட்ட ஆசிரியர்கள்தான் வழி திறந்தார்கள். மேலே சொன்னேனே, வேறொருவர் காலுக்கு மாற்றிக் கொடுப்பது என்று, அது இதுதான்.

சரி, பத்ம விருது எப்படி வருகிறது? பல பேர் நினைப்பது, டில்லியில் பெரிய மனுசன் யாரோ ஒருத்தர் உட்கார்ந்துகொண்டு பட்டியல் போடுகிறார் என்று. இல்லைங்க. யார் வேண்டுமானாலும் யாரையும் பரிந்துரைக்கலாம். தன்னைத்தானேகூடப் பரிந்துரைத்துக் கொள்ளலாம். அரசாங்கத்தின் விருது இணையதளத்தில் படிவம் இருக்கிறது. 2025இல் மார்ச் 15 முதல் ஜூலை 31 வரை அது திறந்திருந்தது. அதில் முக்கியமான பகுதி ஒரே ஒரு கட்டுரை. பரிந்துரைக்கப்படுகிறவர் என்ன சாதித்தார் என்று 800 சொற்களுக்குள் எழுதவேண்டும். சங்கீத நாடக அகாதமி விருதும் பரிந்துரையில்தான் தொடங்குகிறது. ஏற்கெனவே விருது பெற்றவர்கள், மாநில அமைப்புகள், இப்படிப் பலர் பெயர்களைச் சொல்ல, அகாதமியின் பொதுக்குழு முடிவு செய்கிறது.

ஆக, எந்த விருதாக இருந்தாலும் யாரோ ஒருவர் பேனா எடுக்கவேண்டியிருக்கிறது. பட்டணத்து வித்துவானுக்குச் சபா இருக்கிறது, சீடர்கள் இருக்கிறார்கள், விமரிசகர் இருக்கிறார். உடுக்கை அடித்து அண்ணமார் கதை பாடுகிறவருக்கு யார் இருக்கிறார்? தைப்பூசத்துக்குக் காவடியோடு நடக்கிற மேளக்காரருக்கு யார் எழுதுவார்? அவருக்கு நூறு ராத்திரிக்கான பாட்டு நெஞ்சில் இருக்கும். 800 சொல் எழுதச் சொன்னால் முடியாது. நமக்கு 800 சொல் ஒரு மணி நேர வேலை. பாஸ்போர்ட்டுக்குப் படிவம் நிரப்புகிறோம், வங்கிக் கடனுக்கு நிரப்புகிறோம், பிள்ளைகளின் அட்மிஷனுக்கு ராத்திரி கண் முழித்து நிரப்புகிறோம். இந்தக் கல்லூரி நமக்குக் கொடுத்த எழுத்தில் ஒரு 800 சொல்லை அடுத்தவருக்காகச் செலவழித்தால் என்ன குறைந்துவிடும்?

இங்கே ஒரு கேள்வி வரும். 'முறையாகப் படிக்காதவர்களுக்குத் தேசிய விருதா?' என்று. இதற்கு நம்ம பக்கத்து மலையிலேயே பதில் இருக்கிறது. ஆனைகட்டியைத் தாண்டினால் அட்டப்பாடி. அங்கே ஆடு மாடு மேய்த்த இருளர் சமூகத்து நஞ்சம்மா, 'ஐயப்பனும் கோஷியும்' என்ற மலையாளப் படத்தில் தன் மொழியில் பாடியதற்காக, 2022இல் சிறந்த பின்னணிப் பாடகிக்கான தேசியத் திரைப்பட விருதை வாங்கினார். அது சினிமா விருதுதான். ஆனால் அந்தக் குரல் மலையில் வளர்ந்த குரல். அப்போதும் சிலர், சங்கீதம் படித்தவர்களை விட்டுவிட்டு இவருக்கா என்று கேட்டார்கள். வேறு பலர் அவருக்காகப் பரிந்து பேசினார்கள். என் கருத்தைக் கேட்டால், பாட்டு வாத்தியாரிடம் உட்கார்ந்து கற்றால் மட்டும்தான் படிப்பா? பாட்டியிடமும் காட்டிடமும் கற்றது படிப்பில்லையா?

இன்னொரு செய்தி. 1965இல் பிரெண்டா பெக் என்கிற கனடா நாட்டு ஆராய்ச்சியாளர் காங்கயம் பக்கத்து ஓலப்பாளையத்தில் தங்கியிருந்தார். நம் அண்ணமார் கதையை, பொன்னர் சங்கர் கதையை, உடுக்கைக் கலைஞர்கள் பல ராத்திரிகள் பாடப்பாட டேப்பில் பதிவு செய்தார். பிறகு அதைப் பற்றிப் புத்தகம் எழுதி 1982இல் வெளியிட்டார். அந்தக் காலத்து டேப் ரிக்கார்டரின் கனத்தை நினைத்துப் பாருங்கள்! இன்றைக்கு இந்த அரங்கத்தில் உட்கார்ந்திருக்கிற ஒவ்வொருவர் சட்டைப் பையிலும் அதைவிட நூறு மடங்கு திறமையான கருவி இருக்கிறது. அதில் என்ன பதிவு செய்கிறோம்? பிரியாணித் தட்டு. கடல் கடந்து வந்த பெண்மணிக்குத் தெரிந்த அருமை, அந்தக் கதைக்கு நடுவிலேயே பிறந்த நமக்குத் தெரியாமல் போகலாமா?

மாணவர்களே, உங்களுக்கு ஒரு வேலை சொல்கிறேன். விடுமுறைக்கு ஊருக்குப் போனால் அங்கே இருக்கிற வயதான கலைஞர் ஒருவரைப் போய்ப் பாருங்கள். 'ஏனுங்க அப்புச்சி, உங்களுக்கு இதை யாருங்க கத்துக் குடுத்தாங்க?' என்று ஆரம்பியுங்கள். ஆசிரியர் பெயர், கற்ற வயது, ஆடிய ஊர்கள், தெரிந்த பாட்டுகள், சொல்லிக் கொடுத்த பிள்ளைகள், இவற்றையெல்லாம் குறித்துக்கொள்ளுங்கள். பழைய பாட்டு நோட்டு இருந்தால் பக்கம் பக்கமாகப் படம் எடுங்கள்; நோட்டை வாங்கிக்கொண்டு மட்டும் வந்துவிடாதீர்கள். முதல் பாட்டிலிருந்து கடைசிப் பாட்டு வரைக்கும் முழுசாகப் பதிவு செய்யுங்கள். இரண்டு நிமிட ரீல்ஸ் போதாது. இதெல்லாம் கையில் இருந்தால் அந்த 800 சொல் தானாக வரும். ஒருவேளை விருது வராமலே போனாலும் பாட்டு இருக்கும்.

கலைஞர்களுக்கு விருது மட்டும் சோறு போடுமா என்று கேட்பீர்கள். போடாது. பத்மஸ்ரீயில் பணமே கிடையாது; பதக்கமும் பட்டயமும்தான். அதைப் பெயருக்கு முன்னால் பட்டமாகப் போட்டுக்கொள்ளவும் கூடாது என்பது விதி. நம்ம ஊர் பிளெக்ஸ் போர்டுக்காரர்கள் மட்டும் அந்த விதியை இன்னும் படிக்கவில்லை! அகாதமி விருதில் ஒரு லட்சம், அதுவும் ஆயுசுக்கு ஒரு தடவை. மாநில அரசு மாவட்டந்தோறும் கலை இளமணி, வளர்மணி, சுடர்மணி, நன்மணி, முதுமணி என்று வயதுக்கேற்ற விருதுகள் தருகிறது. நாட்டுப்புறக் கலைஞர்களுக்கு நல வாரியமும் இருக்கிறது. அதில் உறுப்பினராகச் சேர்வதற்கும் ஒரு படிவம்தான். அந்தப் படிவத்தையும் நாம்தான் நிரப்பிக் கொடுக்கவேண்டும்.

ஆனால் கலைஞர் வாழ்வது எதனால்? கூப்பிட்டால்தான். நம் வீட்டுக் கல்யாணத்தில் மண்டப அலங்காரத்துக்கு லட்சக்கணக்கில் பேரம் பேசாமல் கொடுக்கிறோம். வெளியூர் மேளத்துக்குக் கேட்டதைக் கொடுக்கிறோம். உள்ளூர் மேளக்காரரிடம் மட்டும், 'என்னப்பா, நம்ம ஊர்க்காரன் நீ, பார்த்துப் போட்டுக்க' என்று ஐந்நூறு ரூபாய்க்கு அரை மணி நேரம் பேரம் பேசுகிறோம். டில்லி ஒரு நாள் தருகிற மரியாதையை நாம் வருடம் முழுக்கப் பிடுங்கிக்கொள்கிறோம்.

மரியாதை என்று சொன்னதால் இன்னொன்றையும் மனசு விட்டுச் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். 2025இல் மதுரையைச் சேர்ந்த வேலு ஆசான் அவர்களுக்குப் பறை இசைக்காகப் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது. புரிசை கண்ணப்ப சம்பந்தன் அவர்களுக்குத் தெருக்கூத்துக்காக அதே ஆண்டில் வந்தது. பறைக்குத் தேசிய விருது! குடியரசுத் தலைவர் கைகூப்புகிற கலையை, நம்ம ஊரில் எங்கே நிறுத்தி வைத்திருக்கிறோம்? அடித்து முடித்ததும் 'அப்படித் தள்ளி நில்லு' என்று சொல்கிற வழக்கம் எல்லா ஊரிலும் ஒழிந்துவிட்டதா? அவருக்கு ஊற்றுகிற டீ எல்லோருக்கும் ஊற்றுகிற அதே டம்ளரில்தானா? கும்மி வட்டம் பெரிதாகிக்கொண்டே போகிறது, சந்தோஷம். ஆனால் அந்த வட்டம் ஒரு சாதியின் வேலியாகிவிடக் கூடாது. வள்ளி யார்? வேடர் வீட்டுப் பெண். அவளைத் தேடி மலை ஏறி வந்தவன் முருகன். அந்தக் கதையைப் பாடிக்கொண்டே ஒருவரை வெளியில் நிறுத்தினால், வாய் ஒன்று பாடுகிறது, கால் வேறொன்று ஆடுகிறது என்றுதான் அர்த்தம்.

எனக்குக் கொடுத்த நேரம் முடியப்போகிறது. வெறும் பேச்சோடு போகாமல், சங்கத்தின் முன் மூன்று வேண்டுகோள் வைக்கிறேன்.

ஒன்று. நம் சங்கத்தில் ஒவ்வோர் ஆண்டு மாணவர் அணியும் தனித்தனியாக வாட்ஸ்அப் குழு வைத்திருக்கிறது. ஒவ்வோர் அணியும் தன் வட்டாரத்தில் ஒரு கலைஞரைப் பொறுப்பெடுத்துக்கொள்ளட்டும். நல வாரிய அட்டை இருக்கிறதா, மாவட்ட விருதுக்கு விண்ணப்பித்தாரா, தேசிய விருதுக்குப் பெயர் போயிற்றா என்று பார்க்கட்டும். பொறுப்பெடுத்தவர் நம் சாதியா, நம் சொந்தமா என்று பார்க்கவேண்டாம். ஆட்டம் நல்லா இருக்கா என்று மட்டும் பார்க்கட்டும்.

இரண்டு. ஆண்டுதோறும் இந்தக் கூடலில் ஓர் உள்ளூர்க் கலைக்குழுவுக்கு முழு ஊதியம் கொடுத்து ஒரு மணி நேரம் மேடை தருவோம். பொன்னாடை போர்த்திவிட்டு வெறுங்கையோடு அனுப்பும் வேலை வேண்டாம். கவர் கனமாக இருக்கவேண்டும். அவர்களும் நம்மோடு ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிடவேண்டும்.

மூன்று. மாணவர்கள் பதிவு செய்து கொண்டுவருகிற பாட்டுகளைக் கல்லூரி நூலகத்தில் ஒழுங்காகப் பெயரிட்டு, பாடியவர் பெயரோடு, அவர் சம்மதத்தோடு சேமித்து வைப்போம். முதல்வர் அவர்கள் தலையசைக்கிறார்கள். இதை நான் சம்மதம் என்றே எடுத்துக்கொள்கிறேன்.

டில்லி விஞ்ஞான் பவனில் நடப்பது ஒரு நாள் விழா. அதற்கு முன் பல வருஷம் ஊரில் ஒருவர் ஆடியிருக்கவேண்டும், ஒருவர் பார்த்திருக்கவேண்டும், ஒருவர் உட்கார்ந்து எழுதியிருக்கவேண்டும். ஆடுகிறவர்கள் நம்ம ஊரில் இன்னும் இருக்கிறார்கள். அவர்களில் பலருக்கு எழுபதும் எண்பதும் ஆகிவிட்டது. அடுத்த வருஷம் பார்க்கலாம் என்று சொல்கிற வசதி அவர்களுக்கு இல்லை. வரவேற்பு மேஜையில் ஒரு நோட்டு வைக்கச் சொல்லியிருக்கிறேன். சாப்பிடப் போகிற வழியில், உங்கள் ஊர்ப் பெயரையும் அங்கே உங்களுக்குத் தெரிந்த ஒரு கலைஞர் பெயரையும் அதில் எழுதிவிட்டுப் போங்கள்.